வெட்டிய கேன் போதாது

"ஒரு லிட்டர் ஆயிலைப் பிடிக்க ஒரு டிரே எதற்கு? அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேனின் ஒரு பக்கத்தைக் கத்தியால் கிழித்துக் கீழே வைத்தால் வேலை முடிந்தது." தாம்பரம் பக்கம் சேலையூரிலோ முடிச்சூரிலோ வீட்டு வாசலில் தன் பைக்குக்குத் தானே ஆயில் மாற்றுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். ஸ்பேனர் செட்டுக்கு யோசிக்காமல் செலவழிப்பவர், நல்ல சிந்தெடிக் ஆயிலைத் தேடி வாங்குகிறவர், வாஷரைக்கூட ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறவர், ஆயிலைப் பிடிக்கும் பாத்திரத்துக்கு மட்டும் குப்பையில் கிடந்தது போதும் என்கிறார். இது தவறு. சின்னத் தவறும் அல்ல.

முதலில் அந்தத் தரப்பின் நியாயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளெண்டர் வகை வண்டியில் வெளியே வரும் ஆயில் ஒரு லிட்டருக்குள்தான். ஆக்டிவாவில் அதைவிடக் குறைவு. வெட்டிய கேன் அதைத் தாராளமாகத் தாங்கும். காசும் கிடையாது, தூக்கி எறியப்போகும் பிளாஸ்டிக் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கிறது. மூடியைக் கழற்றினால் கேனின் வாயே ஊற்றுவதற்கு மூக்காகிறது. தெருமுனை மெக்கானிக்கும் அதையேதான் வைத்திருக்கிறார். ரெண்டு சொட்டு சிந்தினால் கீழே விரித்த பேப்பர் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சத்தை மண் பார்த்துக்கொள்ளும். கேட்பதற்கு எல்லாமே அறிவுக்கு ஒத்ததாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. கொள்ளளவு இங்கே கேள்வியே அல்ல.

வீட்டு வாசலில் ஆயில் சிந்துவது பாத்திரம் நிரம்பி வழிவதால் அல்ல. ஆயில் விழும் இடத்தில் பாத்திரம் இல்லாததால். என்ன நடக்கிறது என்று குனிந்து பாருங்கள். எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, டிரெயின் போல்ட்டைக் கழற்றுகிறோம். இளகி இருக்கும் ஆயில், போல்ட் கடைசி மரையை விட்டு வந்த நொடியில் ஒரே வீச்சாகப் பாய்கிறது. போல்ட் நேர் கீழே பார்த்திருந்தால் செங்குத்தாக விழும், சாய்ந்திருந்தால் வளைந்து முன்னால் போய் விழும். சில நொடிகளில் வீச்சு தளர்கிறது. தாரை பின்வாங்கி நேர் கீழே இறங்குகிறது, பிறகு நூலாக மெலிகிறது, கடைசியில் சொட்டாகிறது. அந்தச் சொட்டும் துளைக்கு நேர் கீழே விழுவதில்லை. எஞ்சினின் அடியோடு ஊர்ந்து, சென்டர் ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியிலோ சைலன்சரிலோ தொற்றி, அங்கிருந்து விழுகிறது. சாயங்காலம் கடற்காற்று எழுந்த பிறகு வேலை செய்தால் அந்த நூல் தாரை நேராக நிற்கவே நிற்காது. ஃபில்டர் உள்ள வண்டியில் அதன் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் ஒரு கை ஆயில் வழியும், அது வேறொரு இடம்.

ஆக, ஆயில் விழுவது ஒரு புள்ளியில் அல்ல, நீளமான ஒரு பட்டையில். கேனின் அகலமோ ஒரு சாணுக்கு மேல் போகாது. தாரை பின்வாங்கும்போது கேனையும் கையால் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இழுக்கும்போதுதான் சிந்துகிறது.

உயரக் கணக்கு இன்னும் மோசம். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ்ஸின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி நிறுவனக் கணக்கில் 165 மில்லிமீட்டர். படுக்க வைத்து வெட்டிய அஞ்சு லிட்டர் கேன் 12 செ.மீ. வரை உயரும். மிஞ்சுவது நாலரை செ.மீ. அதற்குள் ஸ்பேனரும் கையும் போக முடியாது. எனவே எல்லோரும் செய்வது இதுதான்: கேன் இல்லாமலே போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கேனை உள்ளே தள்ளி, மீதி மரையை விரல் நுனியால் சுற்றிக் கழற்றுகிறார்கள். சூடான ஆயில் விரலில் பட்டதும் கை தானாகப் பின்வாங்குகிறது. போல்ட்டும் வாஷரும் கேனுக்குள் விழுகின்றன. அவற்றைத் தேடி மணிக்கட்டு வரை ஆயிலில் விட வேண்டியதாகிறது. ஓடித் தீர்ந்த எஞ்சின் ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படக்கூடாது என்று ஆயில் பாட்டிலிலேயே எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். எரிபொருள் எரிந்த மிச்சங்கள் அதில் கலந்திருக்கின்றன, நீண்ட காலம் தோலில் பட்டால் புற்றுநோய்வரை போகலாம் என்பதே காரணம்.

உயரத்தைக் குறைத்து வெட்டினால் என்ன என்று கேட்கலாம். வெட்டலாம். ஆனால் மேல்பக்கத்தை எடுத்துவிட்ட கேனுக்கு விறைப்பு போய்விடுகிறது. ஒரு லிட்டர் ஆயிலோடு இரண்டு கையாலும் தூக்கினால் சுவர்கள் வெளியே பிதுங்கி அடி தொய்கிறது, ஆயில் ஒரு முனைக்குச் சாடுகிறது. இன்னும் கீழே இறக்கி வெட்ட வெட்டத் தொய்வு கூடத்தான் செய்யும். கூல்டிரிங்க் பாட்டிலை வெட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த பெட் பிளாஸ்டிக் 70 டிகிரி வாக்கிலேயே இளகிச் சுருங்கத் தொடங்கிவிடும். இப்போதுதான் ஓடி நின்ற எஞ்சினின் ஆயில் அந்தச் சூட்டை எளிதாகத் தொடும்.

2. "மெக்கானிக் என்ன டிரேயா வைத்திருக்கிறார்?"

இந்த வாதம்தான் எல்லோர் வாயையும் அடைக்கிறது. அதன் பலம் வெளித்தோற்றத்தில் மட்டும்தான். மெக்கானிக் ஒரு நாளில் பல வண்டிக்கு ஆயில் மாற்றுகிறவர். எந்த மாடலில் தாரை எங்கே விழும் என்று அவர் கைக்குத் தெரியும். கேனைக் காலால் நகர்த்தியே பிடித்துவிடுவார். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடப்பதில்லை, இரண்டடியில் டிரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கடைத் தரையைப் பாருங்கள். பல வருஷ ஆயில் ஊறி அது கறுப்பாகவே ஆகியிருக்கும். அவர் சிந்தாமல் வேலை செய்கிறார் என்பதற்கு அது சாட்சி அல்ல, சிந்தினாலும் அவருக்கு நஷ்டமில்லை என்பதற்குத்தான் சாட்சி.

வீட்டில் அந்த நிலைமையா? ராஜகீழ்ப்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் பார்க்கிங் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அதன் சொரசொரப்பான பள்ளங்களில் இறங்கிய ஆயில் சோப்புத்தூள் போட்டாலும் முழுசாக வராது. மேலே தண்ணீர் பட்டால் வழுக்கும். பால் வாங்க இறங்கும் முதியவர் அதில்தான் கால் வைக்கிறார். மெக்கானிக்கின் திறமையையும் டிரம்மையும் தரையையும் விட்டுவிட்டு, அவர் கேனை மட்டும் காப்பியடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

3. பாதி வேலைதான் பேசப்படுகிறது.

ஆயில் கேனில் விழுந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்த ஆயில் மூடியுள்ள ஒரு பாட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டும். கேனின் வாய் மூக்காகப் பயன்படும் என்ற வாதத்தை இங்கேதான் சோதிக்க வேண்டும். அந்த வாய் அஞ்சு லிட்டரை மடமடவென்று கொட்டுவதற்காகச் செய்தது. ஒரு லிட்டர் பாட்டிலின் வாயைவிட அது அகலம். புனல் வைத்தாலும் ஆயில் கட்டியாகப் பாய்ந்து புனலை நிறைத்து வெளியே வழிகிறது. நிறுத்தலாம் என்று கேனை நிமிர்த்தினால் வாயின் விளிம்பில் தொங்கும் ஆயில் கேனின் வெளிப்பக்கமாக வழிந்து முழங்கைவரை வருகிறது. நல்ல டிரேயின் மூலையில் இருக்கும் மூக்கு குறுகலாக, வெளியே நீண்டு, கீழ் உதடு கூர்மையாக இருக்கும். நிமிர்த்தியதும் தாரை அறுந்து நின்றுவிடும்.

4. ஒரு லிட்டர் என்பது கொஞ்சம் அல்ல.

"ஒரு லிட்டர்தானே, அதிலும் சிந்துவது ஒரு கரண்டிதானே" என்பார்கள். கணக்குப் போடுவோம். தண்ணீர்மேல் வானவில் நிறம் காட்டும் எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான் அளவில் இருக்கிறது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்தில் பரவினால் ஒரு லிட்டர் ஆயில் 1,000 சதுர மீட்டரை மூடும். நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை கிரவுண்டு. சிந்துவது நூறு மில்லி என்றாலும் கிட்டத்தட்ட அரை கிரவுண்டு.

"மண் குடித்துவிடும்" என்பது அடுத்தது. மண் குடிப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆயில் மண் துகள்களில் ஒட்டி நிற்கும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க நெடுங்காலம் ஆகும். அதில் கலந்துள்ள துத்தநாகமும் எஞ்சினிலிருந்து தேய்ந்து வந்த உலோகப் பொடியும் எந்த நுண்ணுயிராலும் தீராது. அதற்குள் ஐப்பசி வந்துவிடும். இந்தப் பகுதியில் மழை என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை: 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அவ்வளவு வேண்டாம், சாதாரணமாக ஒரு மணி நேரம் பெய்தாலே போதும். வாசல் மண் கலைந்து தெருக் கால்வாயில் இறங்கும்.

அது எங்கே போகிறது? மேற்குத் தாம்பரத்திலும் முடிச்சூரிலும் விழுந்தது அடையாற்றை நோக்கி. கிழக்கே சிட்லபாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் விழுந்தது செம்பாக்கம் ஏரிக்கு. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதே பள்ளிக்கரணை. நாரையும் பூநாரையும் வந்து இறங்கும் தண்ணீருக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவே வடிகட்டி எதுவும் கிடையாது. இந்தப் புறநகரில் இன்னமும் எத்தனையோ வீடுகள் கிணற்றையும் போரையும் நம்பியே இருக்கின்றன. மேலே சிதைந்த பாறை மண், கீழே பல்லாவரத்துக் கெட்டிப் பாறை, அதன் விரிசல்களில் நிற்கும் தண்ணீர். விரிசலுக்குள் ஒருமுறை இறங்கிய எண்ணெயைத் தோண்டி எடுக்க வழியில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து முகத்துவாரத்தில் படிந்ததை எல்லோரும் பார்த்தோம், கொதித்தோம். "அது பெரிய ஆலை விவகாரம், என் வாசலோடு ஒப்பிடாதே" என்று சொல்பவருக்கு என் பதில்: அளவில் ஒப்பிடவில்லை. ஆனால் ஆலையிடம் ஒரு விதியை எதிர்பார்க்கிறவர் தனக்கு ஒரு விதிவிலக்கு கேட்கக் கூடாது. 2016-ல் வந்த அபாயக் கழிவு விதிகள் ஓடித் தீர்ந்த ஆயிலை அபாயக் கழிவென்றே வகைப்படுத்துகின்றன. யார் வாசலில் விழுந்தது என்பதால் அதன் குணம் மாறுவதில்லை.

கரையானுக்கு மரத்தில் பூசலாம், சென்ட்ரிங் பலகைக்குக் கொடுக்கலாம் என்பதும் இதே வகைதான். பலகையில் பூசியது மழையில் கழுவிக்கொண்டு அதே கால்வாய்க்குத்தான் வருகிறது.

5. வெளியே வரும் ஆயில் குப்பை மட்டுமல்ல, தகவலும்கூட.

எஞ்சினைப் பிரிக்காமல் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கிடைப்பது இந்த ஒரு சந்தர்ப்பம்தான். கேன் அதைக் கெடுக்கிறது. 40-க்கு 30 செ.மீ. டிரேயில் ஒரு லிட்டர் ஆயில் எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் பரந்து நிற்கும். கேனில் அது இரண்டு செ.மீ. ஆழத்துக்கு நெருக்கமாக இருட்டாக நிற்கும். வெளிர்நிற டிரேயை மெல்லச் சாய்த்தால் விலகும் படலத்தின் ஓரத்தில் பொடி மின்னுகிறதா, துகள் கிடக்கிறதா என்று தெரியும். பொடியாக மின்னினால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சீவலாக இருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் போக வேண்டும். வெட்டிய கேனில் கத்தி வெட்டிய பிளாஸ்டிக் சீவலும் அடியில் ஒட்டிய சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொண்டால் எதை நம்புவது?

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெள்ளத்தில் எஞ்சின் மூழ்க நின்ற வண்டியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும். தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை மாற்றினால் போதாது. ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, மறுபடி இறக்கி, நிறம் தெளியும்வரை செய்ய வேண்டும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை இறக்க வேண்டிய வேலையை வெட்டிய கேனோடு செய்து பாருங்கள், வாசல் என்ன ஆகிறது என்று தெரியும்.

அளவும் ஒரு தகவல். ஊற்றியது 900 மில்லி, இறங்கியது 600 என்றால் மீதி எரிந்திருக்கிறது அல்லது கசிந்திருக்கிறது. பாதி தரையிலும் பாதி கேனிலும் இருக்கும்போது இந்தக் கணக்கைப் போட முடியாது.

6. "காசு தண்டம்."

ஒரு நல்ல டிரேயின் விலை சில நூறு ரூபாய். பல வருஷம் உழைக்கும். தேய்வதற்கு அதில் எதுவும் இல்லை. இதற்குமேல் இந்த மறுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் பெரும்பாலும் தவறானதைத்தான் வாங்குகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் முதலில் கண்ணில் படுவது பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும், மேலே குழிவான மூடிய டிரம் போன்ற ஒன்று. அது காருக்கானது. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் அது அழகாக உட்காரும், ஸ்ப்ளெண்டருக்கு அடியில் நுழையாது. நுழைந்தாலும் உள்ளே போன ஆயிலை உங்களால் பார்க்க முடியாது. பெரிய பாத்திரம் நல்ல பாத்திரம் என்ற நினைப்பு, எந்தப் பாத்திரமும் போதும் என்ற நினைப்பின் மறுபக்கம்தான். இரண்டுமே கொள்ளளவை மட்டும் பார்க்கின்றன.

வாங்க வேண்டியது இப்படி இருக்க வேண்டும். உயரம் எட்டு செ.மீ.க்குள். நீளம் முழங்கை முதல் விரல் நுனிவரை, இல்லாவிட்டால் கொஞ்சம் குறைவாக. செவ்வகம், வட்டம் வேண்டாம். பாதி நிரம்பும்போதே உங்கள் வண்டியின் ஆயில் முழுதும் அடங்க வேண்டும். இரண்டு லிட்டர் வாக்கில் பிடிக்கும் புல்லட் வைத்திருப்பவர் நான்கு லிட்டர் டிரே பார்க்கட்டும், மற்றவர்களுக்கு மூன்று போதும். விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும், தூக்கி நடக்கும்போது அலை வெளியே தாவாமல் இருப்பது அதனால்தான். அடி தட்டையாக, விரலால் அழுத்தினால் குழியாத கனத்தில். எதிரெதிரே இரண்டு பிடி. ஒரு மூலையில் குறுகலான மூக்கு. நிறம் வெளிர். கொத்தனாரின் சாந்துச்சட்டியைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். அகலம் சரிதான். ஆனால் அடி உருண்டை, மூக்கில்லை, தட்டுப்பட்டால் ஆடும். வேறு வழியே இல்லாதபோது கேனைவிட அது மேல்.

டிரேயின் கீழே ஒரு பழைய அட்டையை விரியுங்கள், பேப்பர் வேண்டாம், பேப்பர் நொடியில் ஊறி மறுபக்கம் விட்டுவிடும். கையுறை போடுங்கள். ஃபில்டரைக் கவிழ்த்து இரவு முழுக்க டிரேயிலேயே வடியவிடுங்கள். ஆறிய ஆயிலைப் புது ஆயில் வந்த பாட்டிலிலேயே நிரப்பி, இறுக மூடி, மேலே "பழைய ஆயில்" என்று எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிந்திய சொட்டின்மேல் தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போட்டு ஊறவிட்டுக் கூட்டி எடுங்கள்.

கடைசியாக ஒரு எதிர்வாதம் மிஞ்சுகிறது, அதில் உண்மையும் இருக்கிறது: பிடித்த ஆயிலை எங்கே கொடுப்பது? ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. வார்டுக்கொரு இடத்தில் பழைய ஆயில் டிரம் வைத்து, அங்கீகாரம் பெற்ற சுத்திகரிப்பாளருக்கு அனுப்புவது அதன் சக்திக்கு மீறியதல்ல. 2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களுக்கே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு வைத்து மத்திய அரசின் விதி நடைமுறையில் இருக்கிறது. அதைக் காட்டி, ஆயில் விற்கும் கடையே பழையதைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுவரை, அடுத்த முறை ஆயில் மாற்றுமுன் இரண்டு வேலை செய்யுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி டிரெயின் போல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் போய், "பழைய ஆயிலைக் கொண்டுவந்தால் உங்க டிரம்மில் ஊத்திக்கிறீங்களா, அதை யார் எடுத்துட்டுப் போறாங்க?" என்று அண்ணனிடம் கேளுங்கள். எரிப்பதற்குப் போகிறது என்றால் அடுத்த ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள். சரியான பதில் கிடைத்த பிறகு போல்ட்டில் ஸ்பேனர் வையுங்கள்.